ஹாஜறா எடுத்து வந்த கல்

வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டே முக்கால்... கல்முனைக்குடிக் கடற்கரை வீதியில் ஈ, காக்கை இல்லை. ஆண்களெல்லாம் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார்கள். தோணிகள் மணலில் கவிழ்ந்து கிடந்தன.

கிட்ட வந்து இருங்க, செல்லங்களே. இருட்டில் நடந்ததென்றால் எதையும் காணவில்லை என்று மனதைத் தேற்றலாம். இது நடந்தது கொளுத்தும் வெயிலில்.

அந்த வீதியால் தனியே போனவள் ஹாஜறா. நம் நபீலாவின் மச்சாள். பொத்துவிலில் பிறந்து இந்த ஊருக்கு வாழ வந்தவள். கடற்பாசி ஆராய்ச்சிதான் அவளுக்கு வேலை. பதினெட்டு வருடமாகப் பாசி பொறுக்கி, காகிதத்தில் பரப்பிக் காயவைத்து, அடியில் பெயர் எழுதியவள். எல்லாம் யாரோ எப்போதோ வைத்த பெயர்கள். அவள் வைத்த பெயர் ஒன்றுகூட இல்லை. புருஷன் றஸாக் கேலி செய்வான்: "எங்கட பிரிஜ்ஜில மீனத் தவிரக் கடல்ல உள்ளதெல்லாம் கிடக்கு."

அன்றைக்கு இடுப்பளவு தண்ணீருக்குள் ஒரு கல்லைக் கண்டாள். அதன்மேல் செம்பாசி... உறைந்த இரத்தத்தின் நிறம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாசி. பிய்த்தால் அடி அறுந்துபோகும். பிடித்திருக்கும் கல்லோடுதான் எடுக்க வேண்டும். கல்லை ஆட்டினாள். வரவில்லை. மறுபடி ஆட்டினாள்... அடியில் யாரோ பிடியை விட்டதைப்போல வந்தது.

வீட்டில் வெயில் படாத இடம் மகள் நஸ்லாவின் அறைதான். ஆறு வயதுப் பிள்ளை. அவளுடைய கட்டிலருகே கண்ணாடித் தொட்டியில் கடல்தண்ணீர் ஊற்றிக் கல்லை வைத்தாள். காற்று மோட்டார் ஓடியது. புளுக்... புளுக்...

மறுநாள் காலை நஸ்லாவின் தலை கால்மாட்டில் இருந்தது. கால்கள் தலையணையில். போர்வை கசங்கவே இல்லை.

"உருண்டு படுத்திருப்பாள்" என்றான் றஸாக்.

ஞாயிறும் அப்படித்தான். திங்களும். அறையில் ஒரு வாடை வேறு. பாசி வாடை ஹாஜறாவுக்குப் பழக்கம். இது கற்பூரம்... சாவு வீட்டு வாடை.

செவ்வாய்க்கிழமை தேத்தண்ணி குடிக்கும்போது பிள்ளை சொன்னாள்: "உம்மா, அந்தத் தாடிக்கார மாமா பாவம். தலைமாடு எது, கால்மாடு எது எண்டு அவருக்குத் தெரியாதாம். என்ட கட்டில்ல படுத்துப் படுத்துப் பாக்குறார்."

றஸாக் எழுந்து போனான். தொட்டிக்குள் கையை விட்டுப் பாசிக்கடியில் தடவினான். வளைந்த மேற்புறம்... செதுக்கிய பக்கம்... கையை மெல்ல வெளியே எடுத்தான்.

"இத எங்க எடுத்த, ஹாஜறா?"

"கடலுக்குள்ள. முறிஞ்ச தென்னை நிக்கிற இடத்துக்கு நேரே."

"அதில மையவாடி இருந்த, புள்ள. கடல் அரிச்சிக்கொண்டு போயிட்டு. இது மீஸான் கல்லு."

மையித்தை அடக்கும் மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. கபுறுக் குழியின் தலைமாட்டில் நடுகிற மீஸான் கல்லை ஹாஜறா கிட்டத்தில் பார்த்ததும் இல்லை.

"இப்பவே கொண்டுபோய் வெச்சிட்டு வா" என்றான்.

"வெள்ளிக்கிழமை வெக்கிறன். பாசி இன்னும் வித்து விடல்ல. அதப் பாக்காமப் பேர் வெக்க ஏலா. மூணு நாள்தானே?"

"புள்ளட நிலையப் பாரு."

"நான் அவளோட படுக்கிறன்."

படுத்தாள். மகளை இறுக்கி அணைத்துக்கொண்டு படுத்தாள். மூன்று நாள் காலையிலும் பிள்ளையின் தலை கால்மாட்டில்தான். ஹாஜறாவின் கைக்குள் ஈர மெத்தை...

வெள்ளிக்கிழமை பாசி வித்து விட்டிருந்தது. அதை அடியோடு மெல்லச் சுரண்டியெடுத்துக் காகிதத்தில் பரப்பினாள். றஸாக்கின் தங்கை நபீலாவை மகளுக்குக் காவல் வைத்துவிட்டு, கல்லை வாளியில் தூக்கிக்கொண்டு போனாள்.

கடல் மாறியிருந்தது. இங்கேயா எடுத்தாள்... அங்கேயா... ஓரிடத்தில் நட்டாள். அலை சாய்த்தது. நிமிர்த்தினாள். சாய்த்தது. மூன்றாம் முறை குனிந்து தேடியபோது கல்லே அகப்படவில்லை.

வீடு திரும்பும்போது ஒன்றரை மணி. றஸாக்கும் ஜும்ஆ முடிந்து பள்ளியால் வந்திருந்தான். அவனும் நபீலாவும் அறை வாசலில் நின்றார்கள்.

தரையில் பாய் விரித்திருந்தது. அதில் ஓர் ஆள் நீளத்துக்கு ஈரம். பாயின் தலைமாட்டில் நஸ்லா. நேராக நின்றாள். கைகள் உடம்போடு ஒட்டியிருந்தன. கண் இமைக்கவில்லை.

"வா மகள்" என்று ஹாஜறா தூக்கப் போனாள். முடியவில்லை. றஸாக் பிடித்தான். நபீலாவும் பிடித்தாள். மூன்று பெரிய ஆட்கள்... ஆறு வயதுப் பிள்ளை... அரை அங்குலம் அசையவில்லை.

உதடு மட்டும் அசைந்தது.

"மெள்ளக் கதைங்க, உம்மா. இப்பதான் படுத்தார்."