சிறந்த புதுமுகம் திரு. சுவாமிநாதன்

இல்லம்மா, அவர் ஆத்துல இல்ல. பார்க்குக்குப் போயிருக்கார், வாக்கிங். வர நேரமாகும். ஏன், ஃபோன்ல பேசறச்சே இருப்பேன்னு சொன்னாரா? சொல்லியிருப்பார். நீ உள்ள வா, வாசல்லயே நிக்காதே. செருப்ப அங்கயே விடு, யாரும் எடுத்துண்டு போகமாட்டா. சிந்து தானே உன் பேரு? கார் கிளப்புலேர்ந்து ஒரு பொண்ணு வரும், ஞாயித்துக்கிழமை பரிசு ஃபங்ஷன்ல போட்டுக் காட்ட வீடியோ எடுக்கும், அடுத்த வருஷ டீமுக்குப் பேரும் கேக்கும்னார். மந்தைவெளிக்குள்ள வழி கண்டுபிடிச்சு வந்ததே பெரிய விஷயம். மெட்ரோக்காரா தோண்ட ஆரம்பிச்சதுலேர்ந்து எந்தத் தெரு எங்க போறதுன்னு எங்களுக்கே தெரியல.

என்னையே கேளேன். அவர் வரட்டும்னு நீ காத்துண்டு இருந்தா மத்தியானம் ஆயிடும். சீசன் பூரா ஒரு நாள் விடாம கூடப் போயிருக்கேன், நீ எதக் கேட்டாலும் எனக்கு பதில் தெரியும். ஆன் பண்ணிக்கோ, தாராளமா. எனக்கென்ன பயம்?

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அந்தக் கார நாங்க விக்கப் போறதில்ல. கீழ பார்க்கிங்ல பாத்திருப்பியே, சிவப்பா, தரையோட தரையா. இந்த பில்டிங்ல எல்லார் கண்ணையும் அது உறுத்தறது. மூணாவது மாடி மாமி கேக்கறா, பொண்ணு கல்யாணம் முடிஞ்சாச்சு, காசி ராமேஸ்வரம் போற வயசுல ஸ்போர்ட்ஸ் கார் எதுக்குன்னு. எங்க நாத்தனார் அடையார்லேர்ந்து ஃபோன் பண்ணி ஓன்னு அழறா. விடியக்காலம்பற கிளம்பறச்சே சத்தம் வரதுன்னு அசோசியேஷன்ல கூட்டம் வேற போட்டா. நான் போய் நின்னேன். உங்காத்துப் பசங்க தீபாவளிக்கு வாரம் பூரா வெடி போடறா, நான் என்னிக்காவது வாயத் தொறந்தேனான்னு கேட்டேன். அதுக்கப்புறம் அந்தப் பேச்சே வரல. அவரா? அவர் வரல. அவருக்கு இந்த மாதிரி கூட்டம்னாலே ஆகாது.

ஆசை அவரோடது தான், அத நான் மறைக்கமாட்டேன். சின்ன வயசுலேர்ந்து கார் பைத்தியம். காலண்டர்ல வர கார் படத்தக் கிழிச்சு பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வெச்சிருப்பார். ஆஃபீஸ்ல விருப்ப ஓய்வு வாங்கிண்டு வந்த கையோட இந்தக் கார வாங்கிட்டார். செகண்ட் ஹேண்ட் தான். பார்க்குல ஒரு கோஷ்டி இருக்கு, எல்லாம் ரிடையர் ஆனவா. அவா அத்தனை பேர்கிட்டயும் சொல்லியாச்சு, டிராக்ல ஓட்டப் போறேன்னு. டிராக் டேன்னா என்னன்னு நானே அப்போ தான் கேட்டேன். ரேஸ் கிடையாது. நம்ம கார நாமளே எடுத்துண்டு போய், ரேஸ் ஓட்டற எடத்துல, ரோட்ல ஓட்ட முடியாத வேகத்துல ஓட்டிப் பழகறது. உனக்குத் தெரியாததா? பாக்கறவாளுக்குப் புரியட்டுமேன்னு சொல்றேன்.

மொதல் நாள் நான் தயிர் சாதம் கட்டிண்டு வேடிக்கை பாக்கத்தான் போனேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி வெயில்னா வெயில், அப்படி ஒரு வெயில். அந்த ரேஸ் சூட்ட மாட்டிண்டு, தலையில ஹெல்மெட், கையில உறை. ஏதோ அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கும். ஆனா கார் கிளம்பித்தோ, சூடெல்லாம் மறந்து போயிடும்.

எது கஷ்டமா? எல்லாரும் வேகம் தான் கஷ்டம்னு நெனைக்கறா. வேகம் என்ன, கால அழுத்தினா கார் போகப் போறது. கஷ்டம் பிரேக் தான். ரோட்ல நாம பிரேக்கத் தடவிக் குடுத்தே பழகிட்டோம். அங்க மிதிக்கணும். நேர் ரோடு முடியற எடத்துல போர்டு வரும், அது வரைக்கும் கால எடுக்கப்படாது. வந்த உடனே முழு பலத்தோட ஒரே மிதி. பெடல் உள்ளங்கால்ல கடகடன்னு உதைக்கும். பயந்து கால எடுத்தா போச்சு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா விட்டுண்டே திரும்பணும், கண்ணு மட்டும் திருப்பத்தோட அந்தக் கோடியப் பாத்துண்டு இருக்கணும். மொதல் நாள் பெல்ட் தோள்பட்டைய வெட்டினதுல மறுநாள் ரவிக்கை போட முடியல, அவ்வளவு வலி.

என்ன சிரிக்கறே? சட்டைன்னு சொல்ல வந்தேன். அவர் சட்டை. நீ அடுத்த கேள்வியக் கேளு.

நீலக் கொடியா? அதக் கேளு. பின்னாடி உன்ன விட வேகமா ஒருத்தர் வரார், வழி விடுன்னு அர்த்தம். மொதல் மூணு தடவை போனப்போ கொடி ஆடின உடனே ஒதுங்கிக் குடுத்தாச்சு. கொடி ஆடலைன்னாலும் குடுத்தாச்சு. கண்ணாடியில யார் மூக்கு தெரிஞ்சாலும், நீங்கோ போங்கோ, நீங்கோ போங்கோன்னு. உங்க இன்ஸ்ட்ரக்டர் கூட, சார் ரொம்ப மரியாதையா ஓட்டறார்னு பாராட்டினார். பாராட்டா அது? ஆத்துக்கு வந்து ராத்திரி பூரா எரிச்சலா இருந்தது. நேர் ரோட்ல என்ன விட, அதாவது நம்ம கார விட, அவாளுக்கு எஞ்சின் பெருசு. போகட்டும். ஆனா திருப்பத்துல அவா தடுமாறிண்டு நிக்கறா, அங்க போய் நான் எதுக்கு ஒதுங்கணும்? அதுக்கப்புறம் கொடி ஆடினா மட்டும் தான் வழி. சீசன் முடியறச்சே எனக்கு ஆடின கொடிய விட எனக்கு முன்னாடி போறவாளுக்கு ஆடின கொடி தான் ஜாஸ்தி. பெரிய வெள்ளைக் கார்ல ஒரு பையன் வருவானே, அவன் எறங்கி வந்து யாரு சார் நீங்கன்னு கேட்டான்.

மழை நாள் தானே? ஐப்பசி மாசம். பாதிப்பேர் காருக்கு மூடி போட்டுட்டு டீ குடிச்சுண்டு நின்னா. சுவாமிநாதன் சார் மட்டும் தண்ணியில ஓட்டறார்னு உங்க குரூப்ல போட்டேளே. ஆறாவது திருப்பத்துல பின்பக்கம் நழுவித்து. எதிர்ல புல்லு, அப்புறம் வந்த வழி, மறுபடி புல்லு. முழுசா ஒரு சுத்து. எஞ்சின் நின்னு போய், வைப்பர் மட்டும் டக்கு டக்குன்னு அடிச்சுண்டிருந்தது. அழுகை வரும்னு பாத்தா சிரிப்பு வந்தது. ஹெல்மெட்டுக்குள்ள சிரிச்சா கண்ணாடி ஆவி புடிச்சுக்கறது, தெரியுமோ? அது தெளியற வரைக்கும் உக்காந்துண்டு, திரும்ப ஸ்டார்ட் பண்ணி, அடுத்த ரவுண்டு அதே திருப்பத்த ஒழுங்கா எடுத்தேன்.

எனக்கு எப்படித் தெரியும்னா? பக்கத்துல உக்காந்திருந்தா தெரியாதா?

ஆமாம். மொதல் நாளுக்கப்புறம் பக்கத்துல ஆள் ஏத்தப்படாதுன்னு ரூல். ஆமாம், உங்க ரூல் தான். நன்னா படிச்சு வெச்சிருக்கே.

கேமராவ நிறுத்தாதே. ஓடட்டும்.

அவர் ஓட்டினது மொதல் நாள் ரெண்டே ரவுண்டு, சிந்து. இன்ஸ்ட்ரக்டர் பக்கத்துல உக்காந்துண்டு, கால எடுக்காதேள் எடுக்காதேள்னு சொல்லச் சொல்ல ஓட்டிட்டு வந்தார். வந்தவர் கார் நிறுத்தற ஷெட்டுக்குப் பின்னாடி போய் வாந்தி எடுத்தார். மூஞ்சி வெளுத்துப் போச்சு. வழியில சாப்ட தோசை ஒத்துக்கலைன்னார். தோசை நானும் தான் சாப்ட்டேன். அடுத்த தடவைக்குக் கூப்பிடறா, இனிமே இன்ஸ்ட்ரக்டர் இல்லாம தனியாப் போகணும், அவர் எழுந்துக்கல. பாதியில மூட்டை கட்டிண்டு போனோம்னு யாரும் சொல்லப்படாது, நீ ஒரே ஒரு ரவுண்டு மெதுவாப் போயிட்டு வந்துடுன்னார். காலம்பற என்னையும் ரெண்டாவது டிரைவர்னு கையெழுத்து போட வெச்சிருந்தார், விளையாட்டா. அவர் சூட்டையே மாட்டிண்டு போனேன். ஒரு ரவுண்டோட வரல.

அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். ஷெட் ஷட்டரப் பாதி இறக்கிண்டு அவர் உள்ள பேப்பர் படிச்சுண்டு உக்காந்திருப்பார். அவர் சூட்டு, அவர் ஹெல்மெட். அத மாட்டிண்டா என் நரையும் தெரியாது, தாலிக்கொடியும் தெரியாது. நான் ஓட்டிட்டு வந்து கார நேரா உள்ள விடுவேன், ஷட்டர முழுசா இறக்குவார். தலையில ஒரு பாட்டில் தண்ணிய ஊத்திண்டு, ஹெல்மெட்ட இடுக்கிண்டு வெளில போவார். வேர்த்து வந்தவர் மாதிரி. எல்லாரும் முதுகுல தட்டுவா. நான் உள்ள சூட்டக் கழட்டிட்டு பொடவையக் கட்டிண்டு, தயிர் சாதத்த எடுத்துண்டு பின்னாலயே வருவேன். ஒருத்தருக்கும் சந்தேகம் வரல. சாரோட ஆத்துக்காரி இத்தனை நேரம் எங்க போயிருந்தாங்கன்னு சீசன் பூரா ஒருத்தர் கேக்கல. நீயும் கேக்கல, நானும் உன்னத் தப்பு சொல்லல.

ஏன் சொல்லலையா? மொதல்ல பாவமா இருந்தது. பார்க்குல அவர் ஒவ்வொரு ரவுண்டோட டைமும் சொல்லச் சொல்ல அந்த கோஷ்டி கேட்டுண்டு நிக்கும், அவர் முகத்த நீ பாக்கணும். அப்புறம் எனக்கு பயம் வந்தது. சொன்னா நிறுத்திடுவாளோன்னு. அந்த எடத்த விட எனக்கு மனசு வரல.

இந்த ஆத்துல கார் ஓட்டறது எப்பவும் நான் தான். டிராஃபிக்ல அவருக்குத் தலைவலி வந்துடும். பொண்ண ஸ்கூலுக்கு, மாமியார டயாலிசிஸுக்கு, பாண்டி பஜார் கூட்டத்துல, மழையில, எல்லாம் நான். ஆனா பக்கத்து சீட்ல அவர் இருப்பார். கியர் மாத்து. ஹாரன் அடி. அவனுக்கு விடேன். பிரேக், பிரேக், சுப்பு, பிரேக். கோவமா எல்லாம் இல்ல, ஒரு பழக்கம். நானும் கேட்டுண்டே ஓட்டியிருக்கேன். அன்னிக்கு டிராக்ல நேர் ரோடு முடியற எடத்துல போர்டு வந்தது. பக்கத்துல யாரும் ஒண்ணும் சொல்லல. எப்போ மிதிக்கணும்னு நானே முடிவு பண்ணி மிதிச்சேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அது தான் மொதல் தடவை.

சிறந்த புதுமுகம்னு குடுக்கற ஷீல்டுல அவர் பேர அடிச்சாச்சா? அடிச்சது அடிச்சதா இருக்கட்டும், கொண்டு போய் பார்க்குல காட்டட்டும். உங்க பிரெசிடென்ட் டைம் எல்லாம் செல்லாதுன்னா அழிச்சுக்கட்டும், நான் திரும்ப ஓட்டிக் காட்டறேன். ஆனா அடுத்த வருஷ டீமுக்கு இன்னிக்கு ஒரு பேர் வேணும்னியே, அதுல என் பேரப் போடு. சுப்புலக்ஷ்மி. நான் ஒளிஞ்சுண்டு ஓட்டினது போறும்.

அவர் கிட்ட கேக்க வேண்டாமா? கேட்டுக்கோ. பார்க்குக்கெல்லாம் போகல, அதோ அந்த ரூம்ல தான் இருக்கார். அவர் டீம்ல சேரறார்னு மட்டும் சொல்லி அந்தப் பொண்ண அனுப்பிடு, அடுத்த வருஷமும் இப்படியே ஓட்டிடலாம் சுப்புன்னு சொல்லிட்டு கதவ சாத்திண்டார். நான் பேசினது அத்தனையும் கேட்டிருக்கும். கேட்கட்டும்னு தான் சத்தமாப் பேசினேன்.

ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வரோம். முன்வரிசைல அவருக்கு ஒரு நாற்காலி போட்டு வை, ஆசையா வாங்கின மனுஷன், அவர் இல்லாம நான் வரமாட்டேன். காபி குடிச்சுட்டுப் போ. கீழ போறச்சே கார எட்டிப் பாரு, நேத்து மெக்கானிக்க வரச்சொல்லி பக்கத்து சீட்டக் கழட்டிட்டேன். எடை குறையுமாம்.