கரைச்சல் இல்லையெண்டால்

எழுபத்துநாலு வயதுக் கிறிஸ்துநாயகம் ஆகிய நான், ஒருவரும் கேட்காமல், என் சொந்த விருப்பத்தில் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு சொல்லும் சத்தியம்.

எனக்குத் தேத்தண்ணி பிடிக்கும். பிளாஸ்க் இல்லாமல் வகுப்புக்குப் போனதில்லை. லண்டன் கிங்ஸ்பரியில் சனிக்கிழமைகளில் நாங்கள் தமிழ் படிப்பிப்பது வாடகைக் கட்டிடத்தில். வகுப்புக்குள் தின்னவோ குடிக்கவோ கூடாது என்பது விதி. பழைய அதிபர் குகதாசன் அதைக் கத்தித்தான் சொல்லுவார். அவர் கத்தினால் வெம்பிளியில் கார் அலாரங்கள் அடிக்கும். அவர் கத்தக் கத்த நாங்கள் சுகமாகக் குடித்தோம். கௌசி ரீச்சர் றோல்ஸும் கொண்டுவருவா.

பிறகு சிவனேஸ்வரி அதிபராக வந்தா. வாசலில் நின்று, “அண்ணை, கரைச்சல் இல்லையெண்டால் அந்தப் பிளாஸ்க்கை வெளியில வைக்கிறியளோ?” என்பா. அதோடு சரி. சிரித்துக்கொண்டு நிற்பா. வைக்காமல் என்ன செய்ய ஏலும்? தன் கலியாணத்துக்கே பிந்திப் போன கௌசி, கதவு திறக்குமுன்பே வந்து மழையில் நின்றா.

விதியை மீற ஒரு மனிசனுக்கு வழியே இல்லாமல் செய்வது கொடுமை. ஆகவே உதவினேன். “தங்கச்சி, நீங்கள் கெஞ்சுறியள் எண்டு எல்லாரும் சிரிக்கினம். அதிபர் எண்டால் ஒரு அதட்டல் வேணும்” என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அவ நம்பினா. வாட்ஸ்அப் குழுவுக்கு ‘இறுதி எச்சரிக்கை’களை நானே எழுதிக் கொடுத்தேன். விசிலும் வாங்கிக் கொடுத்தேன்.

மூன்றாம் கிழமை வகுப்புகளெல்லாம் தேத்தண்ணி வாசம். கௌசி மத்தியானம் வந்தா. “எனக்கு விசில் ஊத நான் என்ன ஆட்டுக்குட்டியோ?” என்றா. கட்டிடக்காரர் கார்பெட்டில் கறையைக் கண்டார். ஆசிரியர்களைக் கட்டுப்படுத்தத் தெரியாதவ என்று, நிர்வாகசபை வாற ஞாயிறு சிவனேஸ்வரியை விலக்கப்போகிறது. அந்தத் தீர்மானத்தைச் சபையில் கொண்டுவந்தவனும் அதன் உறுப்பினனான நான்தான். ஒரு கையில் கோப்பை இருந்தபடியால் மற்றக் கையைத் தூக்கினேன்.

குற்றம் முழுவதும் என்னுடையது. அவவை விலக்கவேண்டாம். என் மனச்சாட்சி ஒன்றைத் தவிர, வேறு எவராலும் இந்த வாக்குமூலத்தை என்னிடமிருந்து வாங்கியிருக்க ஏலாது.

காலையில் என் வீட்டு வாசலுக்கு வந்த சிவனேஸ்வரி, “அண்ணை, கரைச்சல் இல்லையெண்டால் நடந்ததை ஒருக்கா எழுதித் தாறியளோ?” என்று கேட்டுவிட்டு, இன்னும் சிரித்துக்கொண்டு நிற்கிறா.