திருந்திய மாமியார்

பண்ருட்டி பேருந்து நெய்வேலியிலிருந்து கிளம்பியதும், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இளம்பெண் பக்கத்திலிருந்த அக்காவிடம் சொன்னாள்:

“எங்க மாமியார் நேத்து பழைய படம் பாத்துக்கினே தேம்பித் தேம்பி அழுதுச்சுக்கா.”

“என்னா படம்?”

“மாமியார்காரி மருமவள வூட்ட வுட்டுத் தொரத்துற படம்.”

“மருமவளுக்காக அழுதுச்சா? நல்ல மனசுதான்டி.”

“இல்லக்கா. கடைசியில அந்த மாமியார்காரி திருந்தி மன்னிப்பு கேக்குறா. அதத்தான் தாங்க முடியல. ‘இத்தினி நேரம் நல்லாத்தான இருந்தா, இப்ப எதுக்குத் திருந்துறா’ன்னு டிவிய நிறுத்திடுச்சு.”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“உன் வூட்டுக்காரரு என்னா சொன்னாரு?”

“அவரு ஷிப்டுக்குப் போயிட்டாரு. நான்தான் கூடவே உக்காந்து அழுதேன்.”

“நீ ஏண்டி அழுத?”

“எங்க மாமியார் என்னைக்காவது திருந்தும்னு நம்பிக்கினு இருந்தேன்க்கா.”