சனிக்கிழமை பிறக்கப் போகிறவர்

— சனிக்கிழமை விடியக்காலம் காசியில இறங்கறோம். நேரா படித்துறை. ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்தா சுடச்சுட கச்சோரி, ஜிலேபி. இந்தக் குளிருக்குப் பால் நுரை இனிப்பும் கடைக்கு வந்திருக்கும். ஞாயித்துக்கிழமை படகு. என்ன கேத்கி, முகத்தை இப்படி வச்சிருக்கே?

— சனிக்கிழமை நீங்க எதுவும் சாப்பிடக் கூடாது, தினகர் அப்பா. சடங்கு முடியற வரைக்கும் பச்சத்தண்ணிதான்.

— என்ன சடங்கு? ரெண்டு நாள் காத்தாடப் போய்ட்டு வரலாம்னுதானே சொன்னே.

— காசிக்குப் போகணும்னு சொன்னேன். காத்தாடங்கறது நீங்களா சேத்துக்கிட்டது.

— அட விடு, உன் வாயில இருந்து 'போகலாம்'னு வந்துச்சே, அதுவே பெரிசு. தீபாவளிக்கு வந்தவன் நான். இன்னும் வாசல் ரூம்லயே கிடக்கேன். இலைத்தட்டுல சோத்தைப் போட்டுத் தரையில தள்ளி வைக்கறே. நாய்க்குக்கூட இந்த வீட்ல ஒரு கிண்ணம் இருக்கு.

— நாய் சாகலையே.

— என்ன பேச்சு இது?

— நான் ஏன் இன்னும் வெள்ளைப் புடவையில இருக்கேன்னு நீங்க கேக்கவே இல்ல.

— காணாமப் போனவன் பொண்டாட்டின்னு கட்டியிருப்பே. அதான் வந்துட்டேனே, மாத்திக்கோ.

— காணாமப் போனவன் பொண்டாட்டி வெள்ளை கட்ட மாட்டா. பன்னெண்டு வருஷம் வகிட்டுல குங்குமம் வச்சுக்கிட்டுக் காத்திருப்பா. நானும் வச்சேன். அதுக்கப்புறம் உங்களை எரிச்சாச்சு. மூணு வருஷம் ஆகுது.

— என்னையா? எரிச்சீங்களா?

— காசியில, மணிகர்ணிகைச் சுடுகாட்டுல. ஆத்தோட போனவன் உடம்பு கிடைக்கலேன்னா என்ன செய்வாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? தர்ப்பையில ஒரு ஆள் செஞ்சு, தலைக்குத் தேங்காய் வச்சு, மேல உங்க கல்யாணத்துச் சால்வையைப் போத்திப் படுக்க வச்சோம். தினகர் மொட்டை போட்டுக்கிட்டுக் கொள்ளி வச்சான். பதிமூணாம் நாள் தெருவே வந்து பூரியும் பூசணிக்கறியும் சாப்பிட்டுட்டுப் போச்சு.

— கடவுளே. ஒருத்தரும் சொல்லலையே. புஷ்பாகூடச் சொல்லலையே.

— நான்தான் சொல்ல வேணாம்னேன். பாவம், நீங்க வந்து நின்ன அன்னிக்கு உங்க தங்கச்சி ஓடிப் போய்க் கூடத்துல இருந்த படத்தை மாலையோட கழட்டி ஒளிச்சு வச்சா. ஆணி அப்படியேதான் இருக்கு.

— தர்ப்பையில நான் எப்படி இருந்தேன்? என் ஜாடை இருந்துச்சா?

— பண்டிட்ஜி ஒல்லியாத்தான் கட்டினார். நான்தான் வயித்துப் பக்கம் இன்னும் ரெண்டு பிடி வைக்கச் சொன்னேன்.

— அங்கயும் உனக்குக் குறும்பா? சரி, அழுதியா?

— புஷ்பா அழுதா. உங்க பெரியக்கா மயக்கம் போட்டு விழுந்தாங்க. எழுந்திரிச்சதும் அவங்கதான் என் வளையலை உடைச்சாங்க. ஒரு சில்லு மணிக்கட்டுல ஏறிடுச்சு. இதோ, தழும்பு.

— காட்டு... கேத்கி, நான் உன்னை வெறுத்துப் போகல. கடவுளைத் தேடிப் போனேன். சொல்லிட்டுப் போனா கால் நகராதுன்னுதான் சொல்லாமப் போனேன்.

— செருப்பை நம்ம ஊர்ப் படித்துறையில ஜோடியா விட்டுட்டு, சட்டையை மடிச்சு மேல வச்சுட்டுப் போனீங்க. வீட்ல ஒரு நாள் சட்டை மடிச்சவரில்ல நீங்க. உங்கப்பா அதைப் பார்த்துத்தான் ஆத்துல விழுந்துட்டீங்கன்னு நம்பினார். சாகற வரைக்கும் வலைக்காரங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேடச் சொன்னார். கடைசியா அவர் பேசினது என் பேரும் இல்ல, உங்க பேரும் இல்ல. 'பாலத்துக்குக் கீழ பார்த்தீங்களா'ன்னார்.

— போதும்.

— கடவுள் கிடைச்சாரா?

— அது சொல்லி விளங்கற விஷயம் இல்ல.

— எந்த மலைன்னீங்க?

— உத்தரகாசிக்கும் மேல. ஒரு குகை. எத்தனை தடவை சொல்றது?

— அங்க பருப்புல வெல்லம் போடுவாங்களா?

— ஏன்?

— நேத்து கேட்டீங்களே. பருப்பு சப்புனு இருக்கு, ஒரு கட்டி வெல்லம் போடக் கூடாதான்னு. கான்பூர்ல பிறந்து வளந்தவர் கேக்கற கேள்வியா அது?

— அது... ஒரு குஜராத்திச் சாமியார் சமைப்பார். அந்த ருசி ஒட்டிக்கிச்சு. அட விடு. இப்ப காசியில என்ன சடங்கு, அதைச் சொல்லு.

— எரிச்சாச்சுன்னு ஆனவன் உயிரோட வந்தா அப்படியே வீட்டுக்குள்ள விடக் கூடாது. திரும்பப் பிறக்கணும்.

— பிறக்கறதுன்னா?

— பெரிய அண்டாவுல நெய் ஊத்தி வச்சிருப்பாங்க. அதுக்குள்ள கையைக் காலை மடக்கி, கருவுல இருக்கற மாதிரி உக்காரணும். மந்திரம் முடிஞ்சதும் தூக்கி வெளிய எடுப்பாங்க. நாக்குல தேன் தடவுவாங்க. தொப்புள்கொடி அறுக்கற மாதிரி ஒரு நூலை அறுப்பாங்க. நீங்க அழணும்.

— இந்த வயசுல, நாலு பேர் பார்க்க, அண்டாவுலயா?

— நாலு பேர் இல்ல. புஷ்பா வீட்டுக்காரர், பெரியக்கா, உங்க பழைய ஆபீஸ்காரங்க, தெருவுல பந்தியில உக்காந்து சாப்பிட்டவங்க எல்லாரும் வர்றாங்க. சாவுக்குச் சாட்சி இருந்தவங்க பிறப்புக்கும் வேணாமா?

— நெய்யில இருந்து எழுந்து அப்படியே கங்கையில முங்கணுமா? இந்தக் குளிர்ல?

— பதினஞ்சு வருஷம் பனிமலையில தவம் பண்ணினவருக்கு இதெல்லாம் ஒரு குளிரா?

— நக்கல் பண்ணாதே. தினகர் வர்றானா?

— கொள்ளி வச்சவனே அவன்தான். நெய்யை ஊத்தப் போறதும் அவன்தான்.

— சரி, பிறந்துட்டேன். அப்புறம்?

— பேர் வைப்பாங்க. புதுப் பேர். பிரிஜ்மோகன்ங்கற பழைய பேர் சாம்பலோட போச்சு.

— அப்புறம்?

— பூணூல்.

— அப்புறம், கேத்கி? எனக்கும் கொஞ்சம் ஞாபகம் வருது. எங்க தாத்தா சொல்லிக் கேட்டிருக்கேன். அப்படிப் பிறந்தவனுக்குத் திரும்பக் கல்யாணமும் உண்டு, அதே பொண்டாட்டியோட. இல்லையா?

— உண்டுதான்.

— அதைச் சொல்லாம அண்டாவைப் பத்தியே பேசறியே, கள்ளி. ஞாயித்துக்கிழமை கல்யாணமா? நெய்யில உக்காரறேன், அழறேன், உருளச் சொன்னா உருளறேன். உனக்கு ஒரு சிவப்புப் பனாரஸ் எடுக்கலாம். இந்தத் தடவை ஒழுங்கா இருப்பேன். உள் ரூம்ல என் கட்டில் இன்னும் இருக்கா?

— தினகர் குழந்தைக்குக் கொடுத்தாச்சு.

— சரி, வேற வாங்கிக்கலாம். போனைக் காட்டு, டிக்கெட்டைப் பார்க்கறேன். எனக்குக் கீழ் பெர்த்துதானே போட்டிருக்கே, முட்டி வலிக்குது... போறதுக்கு ரெண்டு. சரி. வர்றதுக்கு ஒண்ணுதான் இருக்கு. கேத்கி, தப்பாப் போட்டிருக்கே. உன் பேர் மட்டும்தான் இருக்கு. தேதியும் தப்பு. சனிக்கிழமை சாயங்காலம்னு இருக்கு.

— தப்பில்ல.

— ஞாயித்துக்கிழமை கல்யாணம்?

— பண்டிட்ஜி என்னைக் கேட்டார். பொண்ணுக்குச் சம்மதமான்னு கேட்டுட்டுத்தான் முகூர்த்தம் வைப்பாராம். முதல் தடவை என்னை யாரும் கேக்கல, எங்கப்பா சொன்னார், வந்து உக்காந்தேன். இந்தத் தடவை கேட்டாங்க. இல்லேன்னுட்டேன்.

— அப்ப என்னை எதுக்குப் பிறக்க வைக்கறே?

— எல்லார் முன்னாடியும் பிறந்துட்டா நீங்க வேற ஆள். பொண்டாட்டி கிடையாது, புள்ள கிடையாது, அப்பன் விட்டுட்டுப் போன வீடு கிடையாது. பிரிஜ்மோகன்னு சொல்லிக்கிட்டு யாரும் இந்த வாசப்படி ஏற முடியாது.

— நான் வர மாட்டேன். இங்கயே உக்காந்திருப்பேன்.

— இருங்க. இலைத்தட்டும் இருக்கும். செத்தவருக்குச் சோறு போடறது எங்களுக்குப் பழகிப் போச்சு. வருஷா வருஷம் காக்காய்க்கு வைக்கறதுதானே.

— நீ இப்படிப்பட்டவ இல்ல. எவளோ சொல்லிக் கொடுத்திருக்கா. இங்க பாரு, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. ஆத்துல போயிட்டேன்னு நம்பி எரிச்சீங்க. அதுல உன் மேல எனக்குக் கோபமே இல்ல. நான் உயிரோட இருக்கறது தெரிஞ்சிருந்தா, அந்தத் தர்ப்பையில நெருப்பு வைக்க விட்டிருப்பியா?

— வீட்டை விட்டுப் போறப்போ நீங்க ஒல்லிக்குச்சி. வயித்துக்கு ஏன் ரெண்டு பிடி கூட வைக்கச் சொன்னேன்னு நீங்க கேக்கவே இல்லையே. சூரத்துல துணிக்கடை வாசல்ல, அந்தப் பொம்பளை பக்கத்துல, குழந்தையைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு நின்னீங்க. எதிர்ச்சாரியில இருந்து அந்தத் தொப்பையைக் கண்ணால பார்த்துட்டு வந்துதான், மறுமாசம் தர்ப்பை அறுக்கச் சொன்னேன்.