கிணற்றில் குதிக்கிறவர் கடலுக்குப் போனார்

சிங்காநல்லூரில் பல்லடம் பஸ் ஏறினேன். பாதி சீட்டு காலியாக இருந்தும் ஒருவர் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தார். காரணம், எனக்கு முன்சீட்டில் இருந்த அவர் மனைவியும் ஊர்க்காரப் பெண் ஒருத்தியும் பேசியதில்தான் தெரிந்தது. குழந்தைகளே, கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

“ஏனுங்கக்கா, மாமன் உக்கார மாட்டாருங்களா?”

“முடியாது கண்ணு. கோவளம் போயிருந்தமல்ல? அங்க ஒரு வெள்ளைக்காரரு மூணு நாளா ஒரு பலகையை வெச்சுட்டுக் கரையிலயே உக்காந்திருந்தாரு. அலை மேல நின்னுட்டு வர்ற பலகையாமா. கேட்டா, அலை சரியில்லை, காத்து மாறோணும்னாரு.”

“அதுக்கு மாமன் என்னங்க பண்ணுனாரு?”

“‘தண்ணியில எறங்கறதுக்கு நேரங்காலம் பாக்கறதா? நான் மோட்டார் ரூம் மேல இருந்தே கெணத்துல குதிக்கறவனாக்கும்’னு சொல்லிப்போட்டு, ஒரு பாறை மேல ஏறிக் காலை மடக்கிக் குதிச்சாரு.”

“அப்புறமுங்க?”

“கெணத்துத் தண்ணி இருந்த எடத்துலயே இருக்கும். அலை அதுக்குள்ள திரும்பிப் போயிருச்சு. ஈர மணல்ல பொத்துனு உக்காந்தாரு. ஊருக்குள்ள யாருகிட்டயும் சொல்லிப்போடாதேன்னு நேத்திருந்து கெஞ்சிட்டே வாராரு.”

நின்றவரின் காது சிவந்திருந்தது. கண்டக்டர் அவரிடம் வந்தார்.

“ஏனுங்க, இத்தன சீட்டு காலியா இருக்குதுங்களே, உக்காருங்க.”

அவர் சீட்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

“காத்து மாறட்டுமுங்க, உக்காந்துக்கறேன்.”