தோளில் இரண்டு பாக்கெட் உப்பு

“...ஒரு வாரமா இந்தப் பையில ரெண்டு கிலோ உப்பைப் போட்டுத் தூக்கினு சுத்தறேன்க்கா, லேப்டாப் வாங்கறதுக்காக.”

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண்தான் இப்படிச் சொன்னாள். தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய்த் தோலின் தரம் பார்க்கிறவளாம். பக்கத்தில் அவளுடைய அக்கா.

“உப்பு தின்னவன் தண்ணி குடிப்பான்னு சொல்வாங்க. உப்பு தூக்கறவளை இப்பத்தான் பார்க்கறேன்.”

“தோலையே கையில தூக்கிப் பார்க்காம ஓகே பண்ண மாட்டேன். இதை மட்டும் கடைக்காரன் பேச்சைக் கேட்டா வாங்குவேன்? பெரிய ஸ்கிரீன் வெச்சது சார்ஜரோட ரெண்டு கிலோ. சின்னது ஒரு கிலோ, எழுத்துதான் பொடிப்பொடியா தெரியும்.”

“ஆபரேஷன் பண்ண பக்கமே மாட்டினு இருக்கியேடி. வலது தோள்ல மாட்டு.”

“வலது கையாலதானே தோலைத் தடவிப் பார்க்கணும்?”

“ஆபீஸ்லயே உக்காரச் சொல்றாரே மேனேஜர். உக்காரேன்.”

“உக்காந்துட்டா அப்புறம் எழுப்ப மாட்டாங்கக்கா. பாவம், உடம்பு முடியாதவன்னு மூலையில வெச்சிடுவாங்க.”

“வலிக்குதா?” என்றாள் அக்கா.

“ரெண்டு கிலோ வலிக்குது.”

ஆம்பூர் வந்தது. அவள் பையைத் திறந்து, ஒரு பாக்கெட் உப்பை எடுத்து அக்காவின் மடியில் வைத்தாள். மீதி ஒன்றோடு பையை அதே இடது தோளில் மாட்டிக்கொண்டு, இறங்கித் தொழிற்சாலைப் பக்கம் நடந்தாள்.