கோடு மட்டத்துக்கு

— அதைத் தொடாதேங்கோ தங்கச்சி. முதல் இந்தப் போத்தலை மூடி அலுமாரிக்குள்ள வைக்கிறன், பேந்துதான் மற்றது. ஒரு நேரத்தில மேசையில ஒரு போத்தல்தான் நிக்கவேணும்.

— தெரியும் ரவியண்ணன். என்ட புருசன் பேனாட்டும் இதத்தான் செபம் மாதிரிச் சொல்லுவாரு. சொன்ன மனுசன் போய் ரெண்டரை வருசம். ஆனா உங்கள நான் போத்தல் அடுக்கக் கூப்பிடல்ல.

— வெடிமருந்தை அப்புறப்படுத்த வேற ஒருத்தருக்கும் தெரியாது எண்டுதானே போனில சொன்னனீங்கள், றோசா?

— அப்பிடிச் சொன்னாத்தானே வருவீங்க. அவர அடக்கின நாளில இருந்து இந்த வாசலுக்கு வராத ஆள்.

— வராதேங்கோ எண்டு சொன்னதும் நீங்கள்தானே.

— ஓம், நான்தான். புருசனக் கொன்ற கைக்கு நான் தேத்தண்ணி ஊத்திக் குடுக்கணுமா? இண்டைக்கும் தரல்ல, பாத்தீங்கதானே?

— பாத்தன். பச்சைத்தண்ணியாவது வருமோ எண்டும் பாத்தன்.

— பகிடிக்கு ஒரு குறைச்சலுமில்ல. கேளுங்க. ஜூன் மாசம் மகள் சுதாஜினிக்குக் கலியாணம். கோயில் வாசலில இருந்து பீடம் மட்டும் ஆர் உன்ட கையப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறது எண்டு கேட்டன். ரவி மாமா எண்டாள். மாமா இல்லாட்டித் தனியப் போறன் எண்டு பிரெஞ்சில வேற கத்தினாள்.

— அவள் பிள்ளைதானே. எனக்கு ஏலாது எண்டு நானே அவளிட்டச் சொல்லிப்போடுறன்.

— அவளுக்கு ஒண்டும் சொல்லத் தேவல்ல. எனக்கு உண்மையச் சொல்லுங்க. கேட்டுப்போட்டு, எங்கட பிள்ளைட கைய உங்கட கையில குடுக்கிறதா இல்லையா எண்டு நான் முடிவெடுக்கிறன்.

— மரண விசாரணையில எல்லாம் சொல்லிட்டன். துவக்கு வைச்சிருக்கிற லைசன்சும் போச்சுது.

— அங்க பிரெஞ்சில சொன்னீங்க. எனக்குத் தமிழில சொல்லுங்க. சின்னப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி. எது எந்த மருந்து?

— சரி. இந்தப் பெரிய போத்தல் அவன்ர. மான் சுடுற றைபிளுக்கு. மெதுவா எரியிற மருந்து. அந்தத் தோட்டாக் கோது நீளம், குண்டு பாரம். ஊஞ்சலை ஆட்டிற மாதிரி மருந்து அதை மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு போகவேணும், கண்டியளே. இந்தச் சின்னப் போத்தல் என்ர. பறக்கவிட்ட களிமண் தட்டுச் சுடுற துவக்குக்கு. இது படாரெண்டு எரியும். றைபிள் கோதுக்குள்ள இதைப் போட்டால், குண்டு நகர முதல் துவக்கே வெடிச்சிடும்.

— இந்தப் பெட்டிக்குள்ள இரிக்கிற பித்தளைப் பொட்டு?

— பிறைமர். கோதின்ர அடியில வைக்கிறது. துவக்கின்ர ஊசி குத்தினால் பொறி பறந்து மருந்து பத்தும். அதிலயும் ரெண்டு சாதி. இங்கத்த நவம்பர்க் குளிருக்குச் சூடு கூடினதுதான் வேணும் எண்டு அவன். சாதாரணமானது காணும் எண்டு நான். சென்ட் லோரன்டில வேலை செய்யிற இடத்தில, சாப்பாட்டு மேசையில ஒரு மாசம் இதே சண்டை. கடைசியில ரெண்டையும் வாங்கி, அஞ்சு அஞ்சாச் சுட்டுப் பாத்து, கொப்பியில எழுதி... ஊரில ஒருத்தரும் பொம்பிளை அவ்வளவு பாத்திருக்கமாட்டினம்.

— என்னப் பாக்க அவருக்கு ரெண்டு நிமிசம்தான் எடுத்தது.

— பாத்துப்போட்டு வந்து அந்த ரா முழுக்க என்னை நித்திரை கொள்ள விடேல்லை. பிறைமர் சண்டை நடந்த மாசம் குறட்டை விட்டுக்கொண்டு படுத்தவன்.

— சிரிக்க வைக்காதீங்க ரவியண்ணன். இந்த பேஸ்மென்டுக்குள்ள நான் சிரிச்சா அவருக்குக் கேக்கும்.

— என்ன கதை இது?

— நான் இஞ்ச இறங்கிறல்ல. ஆனா அவரு வேலையால வாற நேரம், அஞ்சு மணிக்கு, இந்தத் தோட்டா செய்யிற மெசின்ட கைபிடிய ஆரோ இறக்கிற சத்தம் கேக்குது. கிறீச் எண்டு ஒண்டு. பிறகு பித்தளை ஒண்டு விழுற சத்தம். மேல குசினியில நிண்டு எண்ணுவன். இருபதோட நிண்டுரும்.

— அது சூடு வாற குழாய். குளிருக்கு இரும்பு சத்தம் போடும்.

— மே மாசத்திலயுமா?

— இந்த மூடி இறுகுதில்லை. அந்தத் துணியைத் தாங்கோ.

— அவருக்கு என்னமோ சொல்லணும். ரவிய விடாத, கேளு எண்டுதான் சொல்றாராக்கும் எண்டு நினைச்சன். அதான் கூப்பிட்டன்.

— அப்ப கேளுங்கோ. என்ர போத்தலை இந்த அலுமாரிக்குள்ள விட்டவன் நான். அவன் மருந்து நிரப்பிற இந்தக் கண்ணாடிக் குழாய்க்குள்ள அவன்ர மருந்துக்குப் பதிலா என்ர மருந்தை நிரப்பினவனும் நான். ரெண்டும் சாம்பல் நிறம், கடுகிலும் சின்ன மணி. பாத்தால் ஒண்டுபோல. அவன் நம்பி அதில இருபது தோட்டா செய்தான். காட்டில முதல் தோட்டாவிலயே... போதுமே?

— எப்ப நிரப்பினீங்க?

— அண்டைக்குக் காலமை.

— எண்டைக்கு? அவரு கொப்பியில எழுதி வச்சிரிக்காரு. இந்தா. நவம்பர் ரெண்டு, ஞாயிறு, பின்னேரம், இருபது தோட்டா.

— ஓம். அண்டைக்குத்தான்.

— அண்டைக்கு நீங்க ரொறன்ரோவில. உங்கட மச்சான் செத்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. கலியாண வீட்டில போட்டுக் காட்ட எண்டு உங்கட பெண்சாதி ஜெயமதி பழைய படங்கள் தந்தா. அதில நீங்க வேட்டியோட நிக்கிறீங்க. மூலையில செம்மஞ்சள் எழுத்தில திகதி விழுந்திரிக்கு. ரெண்டாயிரத்து மூண்டு, நவம்பர் ரெண்டு. நீங்க மொன்றியலுக்கு வந்ததே அடுத்த நாள் இரவு.

— கமராவில திகதி பிழைச்சிருக்கும்.

— பொய் சொல்லவே தெரியாத மனுசன், ரெண்டரை வருசம் எப்பிடிச் சமாளிச்சீங்க? ஆரக் காப்பாத்துறீங்க ரவியண்ணன்? அவரப் பெத்த திரேசம்மா மாமி கல்லறையடியில வச்சு உங்கட முகத்தில துப்பினவ. துடைக்காம நிண்டீங்க. கோயில் ஆக்கள் உங்களக் கண்டா மெட்றோவில பெட்டி மாறி ஏறுறாங்க. உங்கட வீட்டிலயே உங்களச் சந்தேகமாத்தான் பாக்கிறாங்க. அவரு ஆஸ்பத்திரியில கிடக்கக்குள்ள, பொலிஸ் வர முதல் நீங்க இஞ்ச ஓடி வந்து, குப்பை வாளிக்குள்ள இருந்து ஒரு தாள எடுத்துச் சட்டைப்பையில வச்சதக் கண்டதும் ஜெயமதிதான்.

— அது நான் மருந்து அளவு எழுதின தாள்.

— எங்க அது?

— எரிச்சுப்போட்டன். காணும் தங்கச்சி. வெளிச்சம் இருக்கேக்கை இந்த மருந்தைப் பின்வளவில தூவிப்போடுவம். மெல்லிசாத் தூவினால் ஒரு ஆபத்துமில்லை. புல்லுக்கு நல்ல பசளை.

— கதைய மாத்துறீங்க. சரி, தூவுவம். ஆனா நீங்க இல்லாட்டி வேற ஆர்? அண்டைக்கு மரித்தோர் திருநாள். செத்துப்போன மாமாவுக்காக வீட்டில செபம் வச்சம். அவரு காலமை இந்தக் குழாய நிரப்பி வச்சிட்டு, சுவாமியாரையும் மாமியையும் கூட்டிவரப் போனாரு. ஒரு நாளும் மருந்த அப்பிடி விட்டுட்டுப் போறல்ல. அண்டைக்கு நேரம் போயிட்டு. வந்த சனம் ஒண்டும் கீழ இறங்கல்ல. சின்னனுகள இருத்த இடம் வேணும் எண்டு நான் மட்டும்தான் வந்து கூட்டித் துடைச்சன். சுதாஜினி படியில நிண்டு துடைப்பத்த எட்டித் தந்தாள்.

— றோசா, அந்த வாளியை எடுங்கோ. மேல போவம்.

— இருங்க. போத்தலால வாளிக்குள்ள நேர ஊத்தினா சிந்தும். தாள் ஒண்டச் சுருட்டிப் பிடிச்சா வடிவா இறங்கும். இந்தச் சுவர்க் கலண்டரில ஒண்டக் கிழிக்கிறன்.

— வேண்டாம்! தாள் வேண்டாம்! என்னட்டத் தாங்கோ, நான் ஊத்துறன்.

— ஏன் இப்பிடிக் கத்துறீங்க? எனக்குத் தெரியாத வேலையா? அண்டைக்கும் இப்பிடித்தானே. துடைக்கக்குள்ள கை தட்டுப்பட்டு அந்தக் குழாய் சரிஞ்சு எல்லாம் கொட்டுப்பட்டுப் போச்சு. இந்த மேசையில ஒரு தூசி அசைஞ்சாலும் அவரு பேசுவாரே. பயத்தில, கொட்டினதக் கூட்டி அள்ளிப்போட்டு, கலண்டரில முதல்நாள் தாளக் கிழிச்சுச் சுருட்டி, அலுமாரியத் திறந்து, கையில பட்ட போத்தல எடுத்து, அவரு கீறி வச்ச கோடு மட்டத்துக்கு...

— தங்கச்சி. காணும். கதிரையில இருங்கோ.

— கோடு மட்டத்துக்குத்தான் நிரப்பினன் ரவியண்ணன். ஒரே நிறம். அரிசி சிந்தினா அரிசி போடுற மாதிரி...

— இருங்கோ எண்டுறன். என்ர போத்தல். அதை அங்க விட்டவன் நான்தான். அதில பொய்யில்லை.

— மாதாவே... நீங்க எரிச்ச தாளில ஒண்டு எண்டு சிவப்பில அடிச்சிருந்ததா? சகல பரிசுத்தவான்கள் திருநாள் எண்டு? அது அந்தக் குப்பை வாளிக்குள்ள கிடக்கிறது உங்களுக்கு எப்பிடித் தெரியும்? ரொறன்ரோவில நிண்ட மனுசனுக்கு எப்பிடித் தெரியும்?

— படியில நிண்டு துடைப்பம் தந்தவள்தான் தங்கச்சி, ஆஸ்பத்திரியில இருந்து எனக்குப் போன் எடுத்து, "அம்மா தாங்கமாட்டா மாமா, அந்தத் தாளை எடுத்துப்போடுங்கோ" எண்டு அழுதவள்.